வெப்பநிலை நிற்க, வெப்பம் ஓடும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் கருந்துளை, குவாண்டம் கணினி என்று ஏதாவது பெரிய தலைப்பாகத் தருவதுதான் வழக்கம். நானோ பதினோராம் வகுப்புப் பாடநூலில் இரண்டு மூன்று பக்கங்களில் முடிந்துவிடும் ஒரு சங்கதியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்: வெப்பநிலை மாறா நிகழ்வு. அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர், "இதில் ஒரு மணி நேரம் பேச என்ன இருக்கிறது? அழுத்தத்தையும் பருமனையும் பெருக்கினால் மாறிலி, அவ்வளவுதானே?" என்றார்.

அவ்வளவுதான் இல்லை. விடைத்தாள் திருத்தியவர்களைக் கேட்டுப் பாருங்கள். "ஒரு வாயு வெப்பநிலை மாறாமல் விரிகிறது. அது ஏற்றுக்கொண்ட வெப்பம் எவ்வளவு?" என்று கேட்டால், நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே 'சுழி' என்று எழுதிவைக்கிறார்கள். அவர்கள் போடும் கணக்கு இது: வெப்பம் என்பது நிறை, தன்வெப்பம், வெப்பநிலை உயர்வு மூன்றின் பெருக்கல், உயர்வு சுழி, ஆகவே வெப்பமும் சுழி. கணக்கில் பிழையில்லை. உள்ளே போகும் வெப்பத்துக்கு வெப்பநிலையை உயர்த்துவதைத் தவிர வேறு வேலையே கிடையாது என்று அந்தச் சூத்திரம் எடுத்துக்கொள்கிறது. தவறு அங்கேதான் இருக்கிறது. வேறு வேலை நிறைய உண்டு. இன்றைய பேச்சு முழுவதும் அதைப் பற்றித்தான்.

வாயுவிலிருந்து தொடங்குவது வழக்கம். நான் பனிக்கட்டியிலிருந்து தொடங்குகிறேன்.

சென்னை மெரினா கடற்கரைச் சாலையில் விவேகானந்தர் இல்லம் இருக்கிறது. அந்தப் பகுதியை ஊர்க்காரர்கள் இன்றும் ஐஸ் ஹவுஸ் என்றுதான் சொல்கிறார்கள். 1842-இல் அந்தக் கட்டடம் எழும்பியபோது அது பனிக்கட்டிக் கிடங்கு. கட்டியவர் பாஸ்டன் நகரத்து வணிகர் ஃபிரெடரிக் டியூடர். மாசசூசெட்ஸ் ஏரிகள் குளிர்காலத்தில் உறைந்ததும் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூள் போட்டு மூடி, பாய்மரக் கப்பலில் ஏற்றி, ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு இந்தியாவுக்கு அனுப்பினார். வழியில் நிலநடுக்கோட்டை இரண்டு முறை கடக்க வேண்டும். 1833-இல் 'டஸ்கனி' என்ற கப்பலில் கல்கத்தாவுக்குப் புறப்பட்ட முதல் சரக்கு சுமார் 180 டன். ஏறக்குறைய நான்கு மாதப் பயணத்துக்குப் பிறகு சுமார் 100 டன் கரையிறங்கியது.

இதைப் படிக்கிற எவருக்கும் முதலில் தோன்றுவது, இவ்வளவு மிஞ்சியதே என்ற வியப்புதான். நாம் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ பனிக்கட்டி 0 டிகிரியில் உருகி அதே 0 டிகிரி நீராக மாற 334 கிலோஜூல் வேண்டும். உருகியது 80 டன். நான்கு மாத நேரத்தால் வகுத்தால், கப்பலின் அடித்தளத்துக்குள் வெப்பம் கசிந்த வேகம் சராசரியாக இரண்டரை கிலோவாட்டுக்குச் சற்று மேல். நம் வீட்டு வாட்டர் ஹீட்டர் ஒன்று இழுக்கும் அளவுதான். மரத்தூள் தன் வேலையைச் செய்தது. ஆனால் மரத்தூள் மட்டும் போதாது. அதே அளவு வெப்பம் 180 டன் பனிக்குளிர் நீருக்குள் போயிருந்தால், அந்த நீர் 35 டிகிரிக்குச் சூடேறியிருக்கும். கல்கத்தாவுக்கு வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுபோய் எந்த வணிகர் பிழைப்பார்? பனிக்கட்டியோ கடைசிக் கட்டி கரையும்வரை 0 டிகிரியிலேயே நிற்கும். டியூடர் விற்றது பனிக்கட்டி என்றாலும், அவரைப் பிழைக்க வைத்தது வெப்பநிலை மாறா நிகழ்வு.

இங்கே ஒரு சின்னத் திசைதிருப்பல். உங்கள் வீட்டில் ஒன்றரை டன் ஏசி இருந்தால், அந்த டன் எதன் எடை என்று யோசித்ததுண்டா? கருவியின் எடை இல்லை. ஓர் அமெரிக்க டன், அதாவது 907 கிலோ பனிக்கட்டி, 24 மணி நேரத்தில் உருகும்போது சுற்றிலுமிருந்து எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ, அந்த வேகம்தான் ஒரு டன்: ஏறக்குறைய 3.5 கிலோவாட். பனிக்கட்டி வணிகம் மறைந்துவிட்டது. அதன் அளவை மட்டும் நம் சுவரில் தொங்குகிறது.

இந்த மறைந்திருக்கும் வெப்பத்தை முதலில் தெளிவாக அளந்தவர் ஜோசப் பிளாக். 1760-களின் தொடக்கத்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் அவர் செய்த சோதனைக்கு இரண்டு கண்ணாடிக் குடுவைகளும் ஒரு வெப்பநிலைமானியும் ஒரு பெரிய கூடமும் போதுமாக இருந்தன. ஒரு குடுவையில் பனிக்கட்டி. இன்னொன்றில் கிட்டத்தட்ட அதே குளிர்ச்சியில் நீர். இரண்டையும் கூடத்தில் தொங்கவிட்டார். நீர் 7 ஃபாரன்ஹீட் டிகிரி சூடேற அரை மணி நேரம் ஆயிற்று. பனிக்கட்டி உருகி அதே அளவுக்கு வர பத்தரை மணி நேரம். இரண்டு குடுவைகளும் ஒரே காற்றில்தான் தொங்கின. இரண்டுக்கும் வெப்பம் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் வந்திருக்க வேண்டும். வெப்பநிலைமானி ஒன்றும் சொல்லாமல் நின்ற அந்த நேரமெல்லாம் பனிக்கட்டி வெப்பத்தை விழுங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தை வைத்தே பிளாக் உள்ளுறை வெப்பத்தைக் கணக்கிட்டார். இன்று நாம் 144 ஃபாரன்ஹீட் அலகு என்று எடுத்துக்கொள்வதை அவர் 140-க்குப் பக்கத்தில் கண்டுவிட்டார். கடிகாரத்தை வைத்து வெப்பத்தை அளந்த மனிதர் அவர். என் பார்வையில் வெப்ப இயக்கவியலின் முதல் நல்ல சோதனை இதுதான்.

உருகுவதிலிருந்து கொதிப்பதற்கு வருவோம். இங்கே மாணவர்கள் விழும் இரண்டாவது பள்ளம் ஒன்று இருக்கிறது. 'வெப்பநிலை மாறவில்லை என்றால் அக ஆற்றல் மாறாது' என்று மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். 100 டிகிரியில், சாதாரண வளிமண்டல அழுத்தத்தில், ஒரு கிலோ நீர் முழுதும் ஆவியாக 2,257 கிலோஜூல் தேவை. ஒரு லிட்டராக இருந்த நீர் 1,670 லிட்டர் ஆவியாகிறது. அப்படி விரிய, வெளிக்காற்றைத் தள்ளியாக வேண்டும். அந்தத் தள்ளலுக்குச் செலவு சுமார் 169 கிலோஜூல். மீதி ஏறக்குறைய 2,088 கிலோஜூல் மூலக்கூறுகளை ஒன்றிடமிருந்து ஒன்றைப் பிரிப்பதற்குப் போகிறது. அது அக ஆற்றல். வெப்பநிலை இம்மியும் நகரவில்லை. அக ஆற்றலோ மலைபோல் ஏறிவிட்டது. வெப்பநிலை மாறாவிட்டால் அக ஆற்றலும் மாறாது என்பது நல்லியல்பு வாயுவுக்கு மட்டும் உரிய சலுகை. ஏனென்றால் அதன் மூலக்கூறுகளுக்குள் ஈர்ப்பு இல்லை என்று நாம் வைத்துக்கொள்கிறோம். அந்தச் சலுகையை உலகத்துக்கெல்லாம் பொதுவாக்கிவிடக் கூடாது.

இட்லிப் பானையில் ஆவி வந்தபிறகு அடுப்பைக் கூட்டிவைத்தால் இட்லி சீக்கிரம் வேகாது, கேஸ்தான் தீரும் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். கூடுதல் வெப்பம் கூடுதல் ஆவியாகப் போகிறது. வெப்பநிலை அங்கேயே நிற்கிறது. குக்கரில் மட்டும் ஏன் 120 டிகிரி வரை போகிறது என்றால், விசில் வெயிட் அழுத்தத்தை இன்னோர் இடத்தில் பிடித்துவைக்கிறது. அந்த அழுத்தத்துக்கு ஏற்ற இன்னொரு மாறா வெப்பநிலை அங்கே.

இப்போது வாயுவுக்கு வரலாம். 1662-இல் ராபர்ட் பாயில் வெளியிட்ட அட்டவணையைப் பாருங்கள். ஒரு பக்கம் மூடிய, வளைந்த கண்ணாடிக் குழாயில் காற்றை அடைத்து, மறுபக்கம் பாதரசத்தை ஊற்றிக்கொண்டே போனார். காற்று 12 அங்குல நீளம் இருந்தபோது அழுத்தம் 29 அங்குலத்துக்குச் சற்று மேல். பாதியாக, 6 அங்குலமாகச் சுருங்கியபோது 58¾ அங்குலத்துக்குச் சற்று மேல். கிட்டத்தட்டச் சரியாக இரண்டு மடங்கு. ஏன் இவ்வளவு சரியாக வந்தது? பாதரசத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, நிறுத்தி, அளவைப் படித்து, எழுதி, மறுபடி ஊற்றியிருக்கிறார். ஒவ்வோர் ஊற்றலிலும் காற்று சற்றே சூடாகி, அந்தச் சூடு கண்ணாடி வழியே அறைக்குள் போய்விட்டது. காற்றுக்கு அவகாசம் கிடைத்தது. ஒரே மூச்சில் பாதியாக அமுக்கியிருந்தால், 27 டிகிரிக் காற்று 120 டிகிரியைத் தாண்டியிருக்கும். அவர் விதி அவர் கையிலேயே பொய்த்திருக்கும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் கையைச் சுடுகிறதே, அதே சூடு.

ஒரு மோல் நல்லியல்பு வாயுவை எடுத்துக்கொள்ளுங்கள். வெப்பநிலை 300 கெல்வின். பருமனை இரண்டு மடங்காக்க வேண்டும், முடிவிலும் அதே 300 கெல்வினில் இருக்க வேண்டும். பிஸ்டனைத் துளித்துளியாக விட்டால், வாயு செய்யும் வேலை 8.314, 300, 2-இன் இயல் மடக்கை மூன்றின் பெருக்கல்: 1,729 ஜூல். இப்போது பிஸ்டன் மேலிருந்த எடையில் பாதியைச் சட்டென்று எடுத்துவிடுகிறேன். மிச்ச எடையை மட்டுமே தூக்கிக்கொண்டு வாயு விரிந்து, கடைசியில் அறையின் வெப்பநிலைக்கு வந்து நிற்கிறது: வேலை 1,247 ஜூல். மூன்றாவதாக, நடுவில் இருக்கும் அடைப்பைத் திறந்து வெற்றிடத்துக்குள் பாய விடுகிறேன். ஜேம்ஸ் ஜூல் 1845-இல் இரண்டு செப்புக் கலங்களை நீரில் அமிழ்த்திச் செய்த சோதனை. வேலை சுழி. தொடக்கமும் முடிவும் மூன்றிலும் ஒன்றே. அக ஆற்றல் மூன்றிலும் மாறவில்லை. ஏற்ற வெப்பமோ 1,729, 1,247, 0. 'சுழி' என்று எழுதிய மாணவர் ஒரு கேள்விக்குச் சரியான விடைதான் எழுதியிருக்கிறார். நாம் கேட்ட கேள்விக்கு அல்ல.

கேள்வித்தாள் எடுப்பவர்களிடம் எனக்குச் சின்ன மனத்தாங்கல் உண்டு. இரண்டாவது, மூன்றாவது வழிகளையும் வெப்பநிலை மாறா நிகழ்வு என்றே பல நூல்கள் பெயரிடுகின்றன. நடுவழியில் அந்த வாயுவுக்கு ஒரே ஒரு வெப்பநிலை என்று சொல்லவே முடியாது. ஒரு மூலை குளிர்ந்திருக்கும், ஒரு மூலை சூடாக இருக்கும். தொடக்கமும் முடிவும் ஒன்று என்பது வேறு, வழியெல்லாம் ஒன்று என்பது வேறு.

முதல் வழியைப் பார்த்த கெட்டிக்கார மாணவர் ஒருவர் கேட்பார்: "வாங்கிய 1,729 ஜூல் வெப்பமும் வேலையாகிவிட்டதே, இரண்டாம் விதி என்ன ஆயிற்று?" நல்ல கேள்வி. விதி தடுப்பது சுழற்சியை. இது ஒருவழிப் பயணம்; வாயு விரிந்து கிடக்கிறது. அதே 300 கெல்வினில் திரும்ப அமுக்கினால் 1,729 ஜூலையும் திருப்பிக் கொடுக்க வேண்டும், லாபம் ஒன்றுமில்லை. 1824-இல் சாதி கார்னோ என்ற 28 வயது இளைஞர் கண்டது இதிலிருந்து வெளியேறும் வழி: குளிர்ந்த நிலையில் அமுக்கு. 240 கெல்வினில் அமுக்கினால் செலவு 1,383 ஜூல்தான். மிச்சம் 346. வாங்கியதில் சரியாக 20 விழுக்காடு. கார்னோவின் சூத்திரம் முழுவதும் இந்த ஒரு கழித்தலில் அடங்கியிருக்கிறது. எட்டே ஆண்டுகளில், 36 வயதில், காலராவில் இறந்துபோனார். அவர் எழுதியதை வரைபடமாக்கி மற்றவர்கள் படிக்கும்படி செய்தவர் கிளாபெரான், 1834-இல்.

கார்னோ எந்திரத்தில் ஒரு குறை உண்டு. வெப்பநிலை மாறாமல் வெப்பம் உள்ளே வர வேண்டுமென்றால், வெளியே இருக்கும் கொள்கலனும் வாயுவும் கிட்டத்தட்ட ஒரே வெப்பநிலையில் இருக்க வேண்டும். வேறுபாடு இல்லாத இடத்தில் வெப்பம் எப்படி ஓடும்? நத்தை வேகத்தில்தான் ஓடும். மிக உயர்ந்த திறன் வேண்டுமென்றால் எந்திரம் நகரவே கூடாது. அனல்மின் நிலையத்தில் கொதிகலனும் குளிர்விப்பானும் ஆவிமாற்றத்தை நம்புவதற்கு ஒரு காரணம், அங்கே வெப்பநிலையை அழுத்தமே பிடித்துவைக்கிறது.

நேரம் என்ற இந்தச் சங்கதியில் சறுக்கியவர்களில் பெரியவர் ஒருவரும் உண்டு: ஐசக் நியூட்டன். காற்றில் ஒலி பரவும்போது காற்று நெருங்குகிறது, விலகுகிறது. அந்த நெருக்கத்துக்குப் பாயில் விதியையே அவர் எடுத்துக்கொண்டார். வெப்பநிலை மாறாது என்று வைத்துக்கொண்டார். கிடைத்த வேகம் வினாடிக்கு 979 அடி. அளந்தால் 1,142 அடி. 'பிரின்சிப்பியா'வின் 1713-ஆம் ஆண்டுப் பதிப்பில் இந்த இடைவெளியை அடைக்க, காற்றிலுள்ள திடத்துகள்களின் பருமனையும் நீராவியையும் காரணம் காட்டினார். சொல்வதற்கு வருத்தமாக இருக்கிறது, ஆனால் அது விடையைப் பார்த்துவிட்டுப் போட்ட கணக்கு. நூறாண்டு கழித்து, 1816-இல், லாப்லாஸ் சரிசெய்தார்: நெருங்கும் இடத்தில் காற்று சூடாகிறது, விலகும் இடத்தில் குளிர்கிறது, அந்த வெப்பம் பரிமாறிக்கொள்ள வழியில்லை. 1.4-இன் வர்க்கமூலத்தால் பெருக்க, 0 டிகிரியில் வினாடிக்கு 280 மீட்டராக இருந்தது 331 ஆகிறது. சரியான விடை.

'ஒலி மிக வேகமானது, வெப்பம் கடக்க நேரமில்லை' என்று வகுப்பில் சொல்லிவிட்டு நகர்கிறோம். இது அரை உண்மை. அப்படியானால் மெதுவாக அதிரும் தாழ்ந்த ஒலிக்கு நிறைய நேரம் கிடைக்குமே, அது நியூட்டன் கணக்குக்கு அருகில் வர வேண்டாமா? நேர்மாறாக நடக்கிறது. வினாடிக்கு 340 அதிர்வு உள்ள ஒலியின் அலைநீளம் ஒரு மீட்டர். நெருக்கத்திலிருந்து விலகலுக்கு அரை மீட்டர் தூரம். ஓர் அதிர்வு நேரத்துக்குள் வெப்பம் காற்றில் ஊர்ந்து போகக்கூடிய தூரம் கால் மில்லிமீட்டர். அதிர்வை நூறு மடங்கு தாழ்த்துங்கள்: கடக்க வேண்டிய தூரம் நூறு மடங்காகிறது, வெப்பம் ஊரும் தூரமோ பத்து மடங்குதான் ஆகிறது, ஏனென்றால் அது நேரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அலை நீளமாக நீளமாக வெப்பம் இன்னும் பின்தங்குகிறது. நேரத்தைக் கேட்கும்போது தூரத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

தத்துவத்தை விட்டுக் கடைத்தெருவுக்கு வருவோம். பஞ்சர் கடையில் நிற்கும் கம்ப்ரசரை உற்றுப் பாருங்கள். சற்றுப் பெரியதென்றால் இரண்டு சிலிண்டர் இருக்கும்: ஒன்று பெரிது, ஒன்று சிறிது. இரண்டுக்கும் நடுவில் செதில் செதிலாக ஒரு குழாய். பெரிய சிலிண்டர் காற்றைப் பாதி தூரம் அமுக்கும். சூடான அந்தக் காற்று செதில் குழாயில் குளிரும். பிறகு சின்ன சிலிண்டர் மீதியை அமுக்கும். எதற்கு இத்தனை சிரமம்? ஒரு மோல் காற்றை ஒரு வளிமண்டலத்திலிருந்து எட்டுக்கு ஒரே அமுக்கில் கொண்டுபோனால், இழப்புகளை விட்டுவிட்டுப் பார்த்தாலும் சுமார் 7,080 ஜூல் ஆகும். காற்று 270 டிகிரிக்குப் போய் எண்ணெயையும் வால்வையும் பாழாக்கும். இடையில் நன்றாகக் குளிரவைத்து இரண்டாகப் பிரித்தால் சுமார் 6,040. வெப்பநிலையே மாறாமல் அமுக்க முடிந்தால் 5,190. கோவையில் கம்ப்ரசர் செய்பவர்கள் துரத்திக்கொண்டிருப்பது இந்தக் கடைசி எண்ணைத்தான். மூன்று கட்டம், நான்கு கட்டம் என்று போகப் போக அதை நெருங்கலாம், தொட முடியாது.

நம் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போகக் கூடாது. உடம்பு ஒரு வெப்ப எந்திரம் என்று மேடையில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இல்லை. 37 டிகிரி உடம்புக்கும் 25 டிகிரி அறைக்கும் நடுவில் எந்த எந்திரத்தை வைத்தாலும் திறன் 4 விழுக்காட்டைத் தாண்டாது. நம் தசைகளோ 20 முதல் 25 விழுக்காடு வரை தருகின்றன. எப்படி? அவை வெப்பத்தை வாங்கி வேலையாக்கவில்லை; வெப்பநிலை மாறாமலே வேதியாற்றலை நேராக வேலையாக்குகின்றன. மாறா வெப்பநிலையில் அதிகபட்சம் எவ்வளவு வேலை எடுக்கலாம் என்பதற்கு ஓர் அளவு வேண்டும். கிப்ஸும், 1882-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸும் தந்த கட்டற்ற ஆற்றல் அதுதான். சற்று முன் பார்த்த நல்லியல்பு வாயுவுக்கு அக ஆற்றல் குறையவில்லை. ஆனால் கட்டற்ற ஆற்றல் மூன்று வழிகளிலும் 1,729 ஜூல் குறைந்தது. முதல் வழியில் அதை முழுதாக வேலையாக எடுத்தோம். மூன்றாவதில் முழுதாகக் கோட்டைவிட்டோம். வேதியியல் மாணவர்கள் இந்தப் பாடத்தை இயற்பியலாரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இங்கே ஆசிரியர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். உங்களிடம் இரண்டு வேண்டுகோள். முதலாவது, இந்தப் பாடத்துக்குப் படம் போடும்போது சிலிண்டரோடு நிறுத்தாதீர்கள். அது எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதையும் வரையுங்கள். அங்கிருந்து உள்ளே வரும் வெப்பத்துக்கு ஓர் அம்புக்குறி போடுங்கள். கேள்வி எடுத்தால், பிஸ்டன் மெதுவாக நகர்ந்ததா, சட்டென்று நகர்ந்ததா என்று ஒரு சொல் சேருங்கள். இரண்டாவது, பிளாக் செய்த சோதனையை ஒருமுறையாவது வகுப்பில் செய்து காட்டுங்கள். ஒரு குவளைப் பனிக்கட்டி, ஒரு குவளைக் குளிர்நீர், இரண்டு வெப்பநிலைமானி, ஒரு கடிகாரம் போதும். குவளையைச் சிறிதாக எடுத்தால் நம் ஊர் வெயிலுக்குப் பத்தரை மணி நேரம் ஆகாது. இரண்டு பாடவேளையைச் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை அளவை மாணவர்களே படித்து, கரும்பலகையில் அவர்களே புள்ளி வைக்கட்டும்.